வஜ்ரகல்பத்துக்கு யார் வக்கீல்?

காஞ்சிபுரத்துல இருந்து செங்கல்பட்டு போற ரோட்டுல பழையசீவரம். அங்கே பாலாற்றைத் தாண்டினா திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுற இடம். ஊர்ப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் (1063-1070) காலத்து நீளமான கல்வெட்டு இருக்கு. 15 படுக்கை கொண்ட ‘வீரசோழன்’ ஆதுலர்சாலை, வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள்... கூடவே இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள்: தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், வஜ்ரகல்பம், கல்யாண லவணம்.

"பாத்தியா, எல்லாம் நம்மாளுங்க அன்னிக்கே கண்டுபிடிச்சாச்சு"ன்னு காலரைத் தூக்கிவிட்டுக்கத் தோணும். ஆனா காப்புரிமை வழக்குன்னு வந்தா இது போதாது மக்களே. கல்வெட்டில் மருந்தின் பெயர் இருக்கு, செய்முறை இல்லை. எந்தச் சரக்கு, எந்த நோய்க்கு, எப்படிச் செய்வது என்று முன்பே வெளியான சான்று வேணும்.

மஞ்சள் கதை தெரியும்தானே? காயம் ஆற்ற மஞ்சள் என்று மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு 1995-ல் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. மஷேல்கர் தலைமையில் இருந்த நம்ம சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டு வழக்கம் சாட்சியாகாது, அச்சில் வந்திருக்கணும். அதாவது பாட்டி பத்து போட்டது செல்லாது! சமஸ்கிருத நூல், 1953-ல் வந்த மருத்துவ ஆய்விதழ்க் கட்டுரை என்று 32 சான்றுகள் கொடுத்த பிறகுதான் 1997-ல் அது ரத்தானது. (அந்த வெளிநாட்டு விதி 2013-ல் மாறிடுச்சு.)

இந்த வேலைக்கு சட்டம் மட்டும் தெரிஞ்சவர் போதாது. பழைய நூலில் இருக்கும் ‘ஹரீதகி’யும் விண்ணப்பத்தில் லத்தீன் பெயரில் வரும் கடுக்காயும் ஒண்ணுதான்னு காட்ட அறிவியல் தெரியணும். அதனாலதான் இந்தியாவில் காப்புரிமை முகவர் ஆக அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் ஒரு தேர்வும் கேட்கிறாங்க, சட்டப் பட்டம் கட்டாயமில்லை. லேப்பில் பைப்பெட் பிடித்தவர்கள் பலர் இந்தப் பக்கம் வர்றது இப்படித்தான். 2001-ல் தொடங்கிய மரபு அறிவு மின்நூலகமும் இதே வேலையைத்தான் செய்யுது: பழைய செய்முறைகளை ஐந்து வெளிநாட்டு மொழிகளில் பெயர்த்து, காப்புரிமை அலுவலகங்கள் தேடிப் பார்க்கிற மாதிரி வைப்பது.

வஜ்ரகல்பத்துக்காவது கல்லில் பெயர் மிஞ்சியது. உங்க வீட்டுக் கைமருந்துக்கு அதுவும் இல்லை. அளவோடு, பக்குவத்தோடு பதிவாப் போட்டு வைங்க. தேதியோட வெளியான வலைப்பதிவும் சான்றுதான்.