முதல் விபத்து இலவசம்: எஸ்ஆர்-22 படிவத்தின் பூர்வீகம்

அமெரிக்காவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டினாலோ, இன்சூரன்ஸ் இல்லாமல் யாரையாவது இடித்துவிட்டாலோ லைசென்ஸை முடக்கிவிடுவார்கள். முடக்கக் காலம் முடிந்து, அபராதமும் கட்டிவிட்டு அதைத் திரும்பக் கேட்டால், பல மாநிலங்களில் வரும் முதல் கேள்வி: "எஸ்ஆர்-22 இருக்கா?"

நிறைய பேர் இதை ஒரு வகை இன்சூரன்ஸ் என்று நினைக்கிறார்கள். இது வெறும் சான்றிதழ்தான். "மாநிலம் கேட்கும் குறைந்தபட்சத் தொகைக்கு இவருக்கு எங்களிடம் பாலிசி இருக்கிறது" என்று இன்சூரன்ஸ் கம்பெனியே மோட்டார் வாகனத் துறைக்கு நேரடியாக அனுப்புவது. எஸ்ஆர் என்பது சேஃப்டி ரெஸ்பான்சிபிலிட்டி என்பதன் சுருக்கம்.

சரி, இன்சூரன்ஸ்தான் எல்லாருக்கும் கட்டாயமாச்சே, அப்புறம் சிலரிடம் மட்டும் எதற்குத் தனியாக ஒரு சான்றிதழ்? இதற்குப் பதில் தேட நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

1920களில் கார் விலை இறங்கி, சாமானியர்களும் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். விபத்துகளும் கூடின. இடித்தவர் கையில் காசு இல்லை என்றால், அடிபட்டவர் கேஸ் போட்டு ஜெயித்தாலும் ஒன்றும் கிடைக்காது. இந்தச் சிக்கலுக்குப் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் இரண்டு, ஒரே வருஷத்தில், நேர் எதிரான இரண்டு விடைகளைக் கொடுத்தன. இரண்டுமே 1925இல் போட்ட சட்டங்கள்.

மாசசூசெட்ஸ் சொன்னது: இன்சூரன்ஸ் இல்லையா, வண்டியைப் பதிவு செய்ய முடியாது. இது 1927 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கனெக்டிகட் சொன்னது வேறு: எல்லாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். சில குற்றங்களில் தண்டனை பெற்றவர்களும், 100 டாலருக்கு மேல் சேதம் உண்டாக்கிய விபத்தில் சிக்கியவர்களும் மட்டும், இனிமேல் ஏதாவது நடந்தால் பணம் கொடுக்க வழி இருக்கிறது என்று காட்டட்டும். இன்றைய எஸ்ஆர்-22க்கு மூதாதை இந்தச் சட்டம்தான்.

இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பிடித்தது கனெக்டிகட் வழி. கட்டாயம் என்று வந்தால் பிரீமியம் எவ்வளவு என்பதை அரசு தீர்மானிக்கும், மோசமான டிரைவர்களையும் தட்டாமல் ஏற்றுக்கொள்ள வேண்டிவரும் என்று பயந்தார்கள். மற்ற மாநிலங்களும் அந்த வழியிலேயே போயின. மாசசூசெட்ஸுக்குத் துணையாக இன்னொரு மாநிலம் (நியூயார்க்) கட்டாய இன்சூரன்ஸுக்கு வர 1956 ஆகிவிட்டது. அடுத்த வருஷம் வட கரோலினா சேர்ந்தது.

கனெக்டிகட் வழியில் இருந்த ஓட்டை உங்களுக்கே தெரிந்திருக்கும். முதல் விபத்து இலவசம்! சட்டம் காப்பாற்றுவது இரண்டாவதாக அடிபடப் போகிறவரை. முதலில் அடிபட்டவருக்குப் பூஜ்யம்.

மென்பொருளில் செய்வது மாதிரி இதற்கு ஒரு பேட்ச் போட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் விபத்தில் சிக்கியவர், ஏற்கெனவே நடந்த சேதத்துக்கும் சேர்த்து டெபாசிட் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் போகும். ஆனால் அந்த பேட்ச்சிலேயே ஒரு பக் இருந்தது. தப்பு யார் மேல் என்று யாரும் கேட்கவில்லை.

அது வெளியே வந்தது ஜார்ஜியாவில். பெல் என்ற மதபோதகர் கிராமப்புறத்தில் மூன்று ஊர்களுக்குக் காரில் போய்த்தான் ஊழியம் செய்ய வேண்டும். 1968 நவம்பரில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சைக்கிளில் வந்து அவர் காரின் பக்கவாட்டில் மோதிவிட்டாள். 5,000 டாலர் கேட்டு மனு வந்தது. அவரிடம் இன்சூரன்ஸ் இல்லை. டெபாசிட் கட்டு, இல்லையென்றால் லைசென்ஸ் ரத்து என்றது மாநிலம். "தப்பு என்னுடையது இல்லை" என்று நிரூபிக்கப் பார்த்தார். அந்தப் பேச்சுக்கே இங்கே இடமில்லை என்றுவிட்டார்கள்.

1971 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது (பெல் எதிர் பர்சன்). லைசென்ஸ் பிழைப்புக்கு அவசியமானதாக இருக்கலாம். அவருக்கு எதிராகத் தீர்ப்பு வர நியாயமான வாய்ப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அதைப் பறிக்க முடியாது என்றார்கள். அடுத்த வாரமே இன்னொரு வழக்கு (பெரெஸ் எதிர் கேம்பெல்): திவால் சட்டத்தின்படி தள்ளுபடியான விபத்துக் கடனைக் காரணம் காட்டி அரிசோனா லைசென்ஸைப் பிடித்து வைப்பது செல்லாது என்றும் தீர்ப்பு வந்தது. அது 5க்கு 4 என்று நூலிழையில்.

அதன் பிறகு ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் கட்டாய இன்சூரன்ஸுக்கு வந்துவிட்டன. நியாயமாகப் பார்த்தால் எஸ்ஆர்-22 அப்போதே செத்திருக்க வேண்டும். ஆனால் அது வேலையை மாற்றிக்கொண்டது. எல்லாரையும் தினமும் சோதிக்க அரசால் முடியாது. ஆபத்தானவர் என்று முத்திரை விழுந்தவர்களை மட்டும் கண்காணிக்க இந்தப் படிவம் வசதியாக இருந்தது. கண்காணிப்பு வேலை இன்சூரன்ஸ் கம்பெனி தலையில். பாலிசி நின்றுபோனால் எஸ்ஆர்-26 என்ற இன்னொரு படிவம் துறைக்குப் போகும், லைசென்ஸ் மறுபடி முடங்கும். சர்வர்களுக்கு நாங்கள் வைக்கும் அலாரம் மாதிரியேதான். கலிஃபோர்னியாவில் பொதுவாக மூன்று வருஷம் இப்படி ஓட வேண்டும். சொந்தமாகக் கார் இல்லாதவர்கள்கூட, கார் இல்லாதவர்களுக்கென்றே இருக்கும் பாலிசி ஒன்றை வாங்கிக் காட்டணும். ஃப்ளோரிடா 2007லும் வர்ஜீனியா 2008லும் குடித்துவிட்டு ஓட்டியவர்களுக்காக எஃப்ஆர்-44 என்று இன்னும் கடுமையான படிவத்தைக் கொண்டுவந்தன.

பழைய கனெக்டிகட் தர்க்கத்தை உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் நியூ ஹாம்ப்ஷயருக்குப் போகலாம். அங்கே இன்றும் கார் இன்சூரன்ஸ் எல்லாருக்கும் கட்டாயமில்லை. மாட்டியவர்கள்தான் எஸ்ஆர்-22 காட்ட வேண்டும்.

படிவத்தைத் தாக்கல் செய்ய ஆகிற கட்டணம் சொற்பம். அதோடு ஏறுகிற பிரீமியம்தான் அடி. ஒரு மாதத் தவணை தவறினால் பாலிசி போய், லைசென்ஸும் போகலாம். பஸ் ஓடாத ஊரில் அப்புறம் வேலைக்குப் போவதே குற்றமாகிவிடும். அடிபட்டவருக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டும் என்று பிறந்த ஏற்பாடு இது, அந்த நோக்கத்தில் தப்பே இல்லை. ஆனால் இந்தப் படிவம் ஒருவர் இப்போது ஒழுங்காக ஓட்டுகிறாரா என்று பார்ப்பதில்லை. தவணை கட்டினாரா என்றுதான் பார்க்கிறது. பணமில்லாததால் இன்சூரன்ஸ் விட்டுப்போனவரும், குடித்துவிட்டு ஓட்டியவரும் பல மாநிலங்களில் இதே படிவத்தோடுதான் நிற்கிறார்கள்.