இடுப்பெலும்பு முறிவும் சிறுநீரகமும்: சந்திக்கத் தாமதித்த இரண்டு வரலாறுகள்

1902 ஜனவரி 4. பெர்லின் நகரில், ஓடிக்கொண்டிருந்த டிராம் வண்டியிலிருந்து இறங்க முயன்ற எண்பது வயது முதியவர் ஒருவர் விழுந்தார். தொடையெலும்பின் கழுத்து முறிந்தது. அவர்தாம் உயிரணு நோயியலுக்கு அடித்தளமிட்ட ருடால்ஃப் ஃபிர்கோ. மருத்துவ உலகமே மதித்த அந்த அறிஞர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று மறைந்தார்.

முதுமையில் இடுப்பு முறிந்தால் படுக்கையே முடிவு என்பது அக்காலத்து நம்பிக்கை. மூட்டுறைக்குள் நேரும் முறிவு பெரும்பாலும் எலும்பாக இணைவதில்லை என்று லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1822ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தவர்களை நுரையீரல் அழற்சியும் படுக்கைப் புண்ணும் கொண்டுசென்றன. 1925இல் பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் மூன்று இதழ்களைக் கொண்ட எஃகு ஆணியால் முறிவைப் பொருத்திக் காட்டினார். எலும்பின் சிக்கல் தீரத் தொடங்கியது.

சிறுநீரகத்தின் கதையோ வேறிடத்தில் எழுதப்பட்டது. 1940-41இல் லண்டன்மீது குண்டுகள் பொழிந்தபோது, இடிபாடுகளில் பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்தவர்கள் உயிரோடு மீட்கப்பட்டனர். முதலில் நலமாகவே தோன்றினர். பின்னர் சிறுநீர் கறுத்தது, குறைந்தது. சில நாள்களில் இறந்தனர். இதனை பைவாட்டர்ஸ், பீல் என்னும் இருவர் 1941இல் பதிவு செய்தனர். காயம் காலில், செயலிழப்பு சிறுநீரகத்தில். 1943இல் நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லம் கோல்ஃப் டயாலிசிஸ் கருவியை உருவாக்கினார். முதலில் சிகிச்சை பெற்றவர்களுள் ஏறத்தாழ அனைவரும் இறந்தனர்; 1945இல் பிழைத்தெழுந்தவர் 67 வயதுப் பெண்மணி.

ஆயினும் இவ்விரு அறிவுகளும் முதியவரின் கட்டிலருகே ஒன்றுசேர நெடுங்காலம் ஆயிற்று. இடுப்பு முறிவில் பெரும்பாலும் குற்றவாளி நசுங்கிய தசையன்று. சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதி குறைவதே. முறிந்த இடத்தில் வெளியே தெரியாமல் குருதி கசிகிறது. அறுவைக்காகப் பட்டினி; மயக்க மருந்தால் இரத்த அழுத்தம் தாழ்கிறது. போதாக்குறைக்கு வலி மாத்திரை. ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதை 1971இல் ஜான் வேன் நிறுவினார். குருதி குறையும் வேளையில் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் திறந்து வைப்பது அந்தப் பொருளே. ஏற்கெனவே இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிக்கும் மாத்திரையும் உண்பவருக்கு இடர் பன்மடங்கு.

இன்னொரு மறைவும் உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய மூதாட்டியின் ஆய்வறிக்கை இயல்பான எண்ணைக் காட்டினும், அவரது சிறுநீரகம் பாதித் திறனில் இயங்கிக்கொண்டிருக்கலாம். எனவேதான் 2012இல் வெளியான பன்னாட்டு வரையறை, எண்ணைவிட அதன் மாற்றத்தைப் பார்க்கச் சொல்கிறது: 48 மணி நேரத்தில் 0.3 மில்லிகிராம் உயர்ந்தாலே எச்சரிக்கை. ஆறு மணி நேரம் சிறுநீர் குறைந்தாலும் எச்சரிக்கை.

விரைந்து அறுவை செய்தால் போதுமா? இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. முறிவு உறுதியான ஆறு மணி நேரத்துக்குள் அறுவை என்னும் இலக்கு இறப்பைக் குறைக்கவில்லை. நாள்கணக்கில் காத்திருப்பது நல்லது என்பது இதன் பொருளன்று. கத்தியின் வேகம் மட்டுமே காப்பாற்றாது என்பதே பொருள். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் எலும்பு மருத்துவரும் முதியோர் மருத்துவரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்கும் முறையை மைக்கேல் டெவாசும் அவருடைய தோழரும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடைமுறைப்படுத்தினர். அந்தப் பாடம் நம் மருத்துவமனைகள் பலவற்றை இன்னும் எட்டவில்லை.

இதை எழுதத் தூண்டியது ஆய்வு மட்டுமன்று. என் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தபோது மூன்று நாள்கள் வீட்டிலேயே கிடந்தார். வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை. எழுந்து போக முடியாது, பிறருக்குத் தொல்லை என்று அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டது எங்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது. அறுவை நன்றாக முடிந்தது. ஊடுகதிர்ப் படத்தில் ஆணி நேராக நின்றது. நான்காம் நாள் சிறுநீர்ப் பையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதை அதுவரை யாரும் அளந்து எழுதியிருக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முதியவர் விழுந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் காட்டுங்கள். வலி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: இன்று எவ்வளவு சிறுநீர் பிரிந்தது? நேற்றைய கிரியாட்டினின் எவ்வளவு, இன்று எவ்வளவு? இக்கேள்விகளுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டின் இறப்புகள் நிற்கின்றன.