மக்கட்பெயரில் அயற்சொல்
1916-இல் எழுந்த தனித்தமிழியக்கத்தின் வழி வேதாசலம் மறைமலையடிகளானார். பின்னர் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் இராமையா அன்பழகனாகவும் மாறினர். அத்தலைமுறையினர் தம் மக்கட்கு இட்ட பெயரையும் நாம் நோக்குதல் வேண்டும். அவ்விருவர்தம் தோழராகிய மு. கருணாநிதி (இதுவும் வடசொல்லே), 1953 மார்ச்சு 1-இல் பிறந்த மகனுக்கு, அம்மாதம் 5-ஆம் நாள் மறைந்த சோவியத்துத் தலைவரின் பெயரை இட்டார். தனிமெய் மொழிமுதலாகாது என்பது தொல்காப்பிய நெறி. 'ஸ்டாலின்' என்பதோ கிரந்த ஒற்றில் தொடங்குகின்றது. 'இசுடாலின்' என எழுதுவாரும் உளர்.

இதனை வெறும் முரண் எனத் தள்ள நாம் ஒருப்படோம். வடமொழிப் பெயர் விலக்கப்பட்டது அயன்மொழி என்பதனால் மட்டுமன்று. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த மரபின் சின்னமாக அது கருதப்பட்டமையாலுமாம். உருசியப் பெயருக்கு அச்சுமை ஈண்டு இல்லை. அப்பெயர்தானும் அத்தலைவர்க்குப் பெற்றோர் இட்டதன்று. ஜார்ஜியராகிய ஜுகாஷ்விலி, எஃகினைக் குறிக்கும் உருசியச் சொல்லினின்று தாமே புனைந்துகொண்டது.