சவ்வைத் திறக்காத கத்தி

வயிற்றின் உள்ளுறுப்புகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்குப் பெரிடோனியம் என்று பெயர். கிருமிகளைப் பற்றிய அறிவு இல்லாத காலத்தில் இச்சவ்வைத் திறந்த கத்தி பெரும்பாலும் மரணத்தையே கொண்டுவந்தது. ஆயினும் சிறுநீர்ப்பைக் கல்லின் வேதனை மக்களை மருத்துவரிடம் துரத்திக்கொண்டே இருந்தது. அல்லாஹ்வின் படைப்பில் சிறுநீர்ப்பை அச்சவ்வுக்குக் கீழே, அதற்கு வெளியே அமைந்திருக்கிறது. அறிந்தோ அறியாமலோ, பண்டைய மருத்துவர் அனைவரும் அந்த அமைப்பையே நம்பிக் கத்தியை எடுத்தனர்.

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்த அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி (936–1013) தம் 'கிதாபுத் தஸ்ரீஃப்' நூலின் 30ஆம் பகுதியில் இவ்வறுவையை விரிவாக எழுதினார். ஆசனவாய் வழியே விரலைச் செலுத்திக் கல்லைச் சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஆசனவாய்க்கு முன்னே, நடுக்கோட்டைத் தவிர்த்து இடப்பக்கமாகக் கீற வேண்டும். இதை அவரே கண்டுபிடித்ததாக நம்மவர் சிலர் எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை. சுஸ்ருதரும் ரோமானியரான செல்சஸும் 7ஆம் நூற்றாண்டின் பவுலும் முன்னரே இவ்வழியைக் கூறியவர்கள். ஸஹ்ராவியின் சிறப்பு வேறு. கல் பெரிதாயின் காயத்தைப் பெரிதாக்காமல், இடுக்கியால் கல்லை உடைத்துத் துண்டுதுண்டாக எடுக்கச் சொன்னார். கருவிகளின் படங்களையும் நூலில் வரைந்து வைத்தார்.

பெண்களின் கல்லுக்கென அவர் தனி அத்தியாயமே எழுதியுள்ளார். கற்புடைய பெண் அந்நிய ஆண் மருத்துவரிடம் தன்னை வெளிப்படுத்த இசையமாட்டாள். இக்கலையில் தேர்ந்த பெண்களோ அரிது. ஆகவே தேர்ந்த பெண் மருத்துவரைத் தேட வேண்டும். கிடைக்காவிடில் அனுபவமுள்ள மருத்துவச்சியை அழைத்து, மருத்துவர் சொல்லச் சொல்ல அவள் செய்ய வேண்டும் என்கிறார். வெட்கத்துக்கும் உயிருக்கும் நடுவே அவர் கண்ட வழி இது. பெண் அறுவை மருத்துவரைத் தேடி ஊர் ஊராக அலையும் நம் குடும்பங்களுக்கு அவர் சொன்ன குறை புதிதன்று.

12ஆம் நூற்றாண்டில் தொலைதோவில் கிரெமோனாவின் ஜெரார்டு இப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் பல தலைமுறைகள் அதைப் படித்தனர்.

மேல்வழி பின்னரே திறந்தது. கீழிருந்து எடுக்க இயலாத, கோழிமுட்டையளவுள்ள கல்லை ஒரு குழந்தையின் அடிவயிற்றைக் கீறி எடுத்ததாகப் பியேர் பிராங்கோ 1561இல் எழுதினார். குழந்தை பிழைத்தது, எனினும் பிறர் இதைப் பின்பற்ற வேண்டாம் என்றே எச்சரித்தார். நிரம்பிய சிறுநீர்ப்பை மேலெழும்போது சவ்வையும் மேலே தள்ளிவிடும். அப்போது இடுப்பின் முன்னெலும்புக்குச் சற்று மேலே சவ்வு மறைக்காத ஓர் இடம் கிடைக்கும். லண்டனில் ஜான் டக்ளஸும், 1723இல் இதைப் பற்றி நூல் வெளியிட்ட செசல்டனும் இவ்விடத்தின் வழியே சென்றனர். ஆனால் செசல்டன் சில ஆண்டுகளிலேயே கீழ்வழிக்குத் திரும்பிவிட்டார். மயக்கமருந்தும் கிருமிநீக்கமும் வராத காலத்தில் அத்தயக்கம் நியாயமானதே.

அவை வந்தபின் வயிற்றைத் திறக்கும் அச்சம் பெரிதும் தணிந்தது. ஆனாலும் சவ்வுக்கு வெளியேயான பாதை கைவிடப்படவில்லை. 1945இல் டெரன்ஸ் மில்லின் முன்னெலும்பின் பின்புறமாகச் சென்று, சிறுநீர்ப்பையையும் திறவாமல் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்தை அகற்றும் முறையை வெளியிட்டார். 1951இல் பாரிஸில் ரெனே குஸ் மாற்றுச் சிறுநீரகத்தை இடுப்பெலும்பின் குழிவில், சவ்வுக்கு வெளியே பொருத்தினார். இன்று சகோதரருக்குச் சகோதரர் அளிக்கும் சிறுநீரகமும் பெரும்பாலும் அவ்விடத்திலேயே வைக்கப்படுகிறது.