யாழ்ப்பாணத்துச் சமயப் பள்ளிகளும் போர்க்காலக் கல்வியும்

தோற்றுவாய்

ஏலமலைச் சாரலில் போடிநாயக்கனூர், ராசிங்காபுரம் முதலிய ஊர்களைக் கொண்ட மதுரை நாட்டின் மேற்புறத்திற்குப் புதுமுறைக் கல்வி வந்த வழியை ஆராயப் புகுவார், முதற்கண் கடல் கடந்து யாழ்ப்பாணத்தை நோக்குதல் வேண்டும். 1834ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிசன், யாழ்ப்பாணத்து மிசனின் கிளையே ஆகும். வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் தலைவரான தானியேல் பூவர் மதுரைக்கு வந்து பள்ளிகள் பலவற்றைத் தொடங்கினார். பின்னர்ப் பெரியகுளத்தில் அமைந்த நிலையத்தின் வழியாக அம்முயற்சி மலையடிவாரத்தையும் எய்தியது. இங்ஙனம் கல்வியை வழங்கிய நாடு, 1983 முதல் 2009 வரை போரால் நிலைகுலைந்தது. அக்காலத்தும் அந்நாட்டுக் கல்வி முற்றும் அழியாது நின்றமைக்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

போட்டியில் பிறந்த பள்ளிகள்

அமெரிக்க மிசனார் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்கள் தங்கிப் பயிலும் பள்ளியையும் நிறுவினர். அவர்தம் நோக்கம் சமயம் பரப்புதல் என்பதில் ஐயமில்லை. அந்நோக்கத்தை எதிர்த்து எழுந்தவர் ஆறுமுக நாவலர். அவர் வெசுலியன் மிசன் பள்ளியில் பயின்றவர். அங்கேயே ஆசிரியராயும் இருந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்றவர். அவரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்பு முறையையும் அச்சு நூலையும் மிசனாரிடமிருந்து கற்று, அவற்றையே சைவத்திற்குக் காவலாக்கினார் என்க.

இப்போட்டியின் பயன் இரு சமயங்களின் எல்லையையும் கடந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டபின் அதன் முதற் பட்டதாரிகளாய்த் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்களே. மிசனார் பள்ளியில் கற்ற தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவராய் நின்று, கலித்தொகையை 1887இல் அச்சேற்றியதைத் தமிழாய்வார் அனைவரும் அறிவர். 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தோன்றியபோது, பொன்னம்பலம் இராமநாதன் சைவர்க்கென நிறுவிய பரமேசுவராக் கல்லூரியும், கிறித்தவர்தம் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப் பிரிவும் அதற்கு இடமளித்தன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பகைத்து நின்ற இரு மரபுகளும் அங்கு ஒன்றாயின.

போரும் புகலிடமும்

கல்வியில் நேர்ந்த குறையே போருக்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. 1970களில் வந்த தரப்படுத்தல் முறையால், தமிழ் மாணவர் பல்கலைக்கழகம் புகுதற்குப் பிறரினும் மிகுதியான புள்ளிகள் பெற வேண்டியதாயிற்று. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. கலைமகள் சிலை முன்நிற்க, கிறித்தவக் குருவான லோங் அடிகளின் பெருமுயற்சியும் கூடி உருவான நூலகம் அது என்பது நினைக்கத்தக்கது.

போர் முற்றியபின் பள்ளியும் கோயிலும் தேவாலயமும் வேறுபாடின்றி மக்களுக்குப் புகலிடமாயின. எனினும் அப்புகலிடம் எப்போதும் காத்ததன்று. 1995ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் நவாலி புனித பேதுரு தேவாலயத்தின்மீதும் அதனைச் சூழ்ந்த கட்டடங்களின்மீதும் விமானப் படை குண்டு வீச, அடைக்கலம் புகுந்திருந்தோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பல்லாயிரவராய்த் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தனர்.

தமிழர்க்கு நேர்ந்த இழப்பை மட்டும் கூறி அமைதல் வரலாறாகாது. அப்பெயர்ச்சிக்குச் சரியாக ஐந்தாண்டு முன்னர், 1990ஆம் ஆண்டு அதே நாளில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேரத்திற்குள் வெளியேற்றினர். அவர்தம் பள்ளிவாசல்கள் வெறிச்சோடின. ஒஸ்மானியாக் கல்லூரியும் மூடப்பட்டது. பள்ளிச் சிறாரைப் புலிகள் படையிற் சேர்த்ததும், மருத்துவப் பீட ஆசிரியர் ராஜினி திராணகம 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டதும் இக்கல்வி வரலாற்றில் மறைத்தற்கு உரியன அல்ல. கல்விக்கு வெளியிலிருந்து வந்த பகையோடு உள்ளிருந்து வந்த பகையும் உண்டு.

இவ்வளவிற்கு இடையிலும் கற்பித்தல் நிற்கவில்லை. 1990களில் மின்சாரமின்றி, மண்ணெண்ணெயும் அரிதாகிய யாழ்ப்பாணத்தில் மாணவர் குப்பி விளக்கொளியில் பயின்றனர். கட்டடம் இழந்த பள்ளிகள் மரநிழலிலும் பிற பள்ளிகளின் மாலை நேரத்திலும் நடந்தன. புலிகளின் ஆட்சியிலிருந்த பகுதிகளிலும் இலங்கை அரசின் பொதுத் தேர்வுகளை மாணவர் எழுதினர். ஒருவரையொருவர் ஏற்காத இரு தரப்பாரும் ஏற்ற நடைமுறைகளுள் தேர்வும் ஒன்றாயிருந்தது.

முடிவுரை

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் மிசன் பள்ளிகளும் சைவப் பள்ளிகளும் பெரும்பாலும் அரசுடைமையாயின. ஆதலின் போர் வந்தபோது அவற்றைத் தாங்கியவை சமய நிறுவனங்களே எனல் பொருந்தாது. அந்நிறுவனங்கள் முன்னைத் தலைமுறைகளில் விதைத்த ஒரு வழக்கமே தாங்கியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதல் வழிபாட்டோடு ஒத்த கடமை என்னும் எண்ணம் சைவர் இல்லத்திலும் கிறித்தவர் இல்லத்திலும் ஒருங்கே வேரூன்றியிருந்தது. கட்டடம் எரியலாம், அவ்வழக்கம் இடம்பெயர்வோரின் கூடவே சென்றது.

அது கடலையும் கடந்தது. 1983 முதல் தமிழகம் வந்த ஏதிலியர் முகாம்களில் முதலில் எழுந்த வேண்டுகோள்களுள் ஒன்று பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்பதே. அவர்கள் தமிழகப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த கல்விக்கு, ஒன்றரை நூற்றாண்டின் பின் தமிழகம் செலுத்திய கைம்மாறு என இதனைக் கொள்ளலாம். அக்கடன் முற்றும் தீர்ந்ததா என்பதை, முகாமில் பிறந்து பட்டம் பெற்றும் குடியுரிமை இன்றி நிற்பாரின் நிலையைக் கொண்டே துணிதல் வேண்டும்.