7-ஐ 2-ஆல் வகுக்க பைத்தானுக்கு ஏழு வருஷம்

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு குறியைப் பத்தித்தான்: ஸ்லாஷ்.

பைத்தான் 2-ல 7 / 2-னு அடிச்சா 3 வரும். 1 / 2-னு அடிச்சா 0. இது பக் இல்ல. கைடோ வான் ராஸம் சி மொழியில இருந்து எடுத்துக்கிட்ட விதி. ரெண்டு பக்கமும் முழு எண் இருந்தா விடையும் முழு எண்தான்.

சி-ல இது அவ்வளவு ஆபத்தில்லைங்கிறது என் கருத்து. அங்க வேரியபிளை அறிவிக்கும்போதே இன்ட்டா ஃப்ளோட்டான்னு எழுதியாகணும், படிக்கிறவங்களுக்கு அது கண்ணுல படும். பைத்தான்ல அந்த அறிவிப்பே கிடையாது. தூரத்தை நேரத்தால வகுக்கிற ஒரு ஃபங்ஷன் இருக்குன்னு வைங்க. 45, 2-னு கொடுத்தா வேகம் 22. அதையே 45.0-னு கொடுத்தா 22.5! ஃபங்ஷன்ல ஒரு எழுத்துகூட மாறல. எர்ரர் இல்ல, வார்னிங் இல்ல. தப்பான எண் சத்தமில்லாம அடுத்த கணக்குக்குள்ள போயிடும்.

2001 மார்ச்சில் மோஷே ஸாட்காவும் கைடோவும் சேர்ந்து பெப் 238-னு ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்தாங்க. ஒற்றை ஸ்லாஷ் உண்மையான வகுத்தல், இரட்டை ஸ்லாஷ் கீழ்நோக்கி முழு எண்ணாக்குற வகுத்தல். கேக்க எளிமையாத்தான் இருக்கு. ஆனா ஏற்கெனவே எழுதின கோடை என்ன பண்றது? ஒரு ஸ்லாஷைப் பார்த்து, எழுதினவர் எந்த வகுத்தலை நினைச்சார்னு எந்தக் கருவியாலும் உறுதியா சொல்ல முடியாது. டைப்தான் தெரியாதே! மாத்தணும்னு சொன்ன அதே காரணம்தான் மாத்துறதையும் கஷ்டமாக்குச்சு. புரோகிராமை ஓடவிட்டு, முழு எண் வகுத்தல் நடக்கிற இடத்துல எல்லாம் எச்சரிக்கை கொடுக்கிற ஒரு ஆப்ஷனைச் சேர்த்தாங்க. எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

2001 டிசம்பர்ல வந்த பைத்தான் 2.2-ல இரட்டை ஸ்லாஷ் சேர்ந்துச்சு. புது ஒற்றை ஸ்லாஷ் வேணும்னா 'ஃபியூச்சர்'ல இருந்து இம்போர்ட் பண்ணிக்கணும் (பேரு வச்சவங்களுக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி). அதுவே எல்லாருக்குமான இயல்பு ஆனது 2008 டிசம்பர் 3, பைத்தான் 3.0 வந்தப்போ. பைத்தான் 2-க்கான ஆதரவு முடிய 2020 ஜனவரி 1 ஆச்சு.

இப்போ பைனரி சர்ச்ல நடு இடத்தை ஒற்றை ஸ்லாஷால கண்டுபிடிச்சு லிஸ்டுக்குள்ள போட்டீங்கன்னா டைப் எர்ரர் வரும். வரட்டும். சத்தம் போடுற தப்பை உடனே பிடிச்சிடலாம்.

அதுக்காக புது ஸ்லாஷ் எல்லா இடத்துலயும் பத்திரம்னு நினைச்சுடாதீங்க. அது தர்றது ஃப்ளோட். 2-இன் 53-வது அடுக்கைத் தாண்டினா எல்லா முழு எண்ணும் அதுக்குள்ள அடங்காது. டெர்மினலைத் திறந்து 9007199254740993 / 1 போட்டுப் பாருங்க. கடைசி இலக்கம் 3 இருக்காது, 2-தான் இருக்கும். இரட்டை ஸ்லாஷ் போட்டா 3 அப்படியே நிக்கும்.