கேம்பிரிட்ஜில் ராமானுஜன்: சோறும் மனசும்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரில் இரு போகம் நெல் விளைகிறது. இங்கிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவனிடம் பாட்டிகள் முதலில் கேட்பது, "அங்க சோத்துக்கு என்னப்பா செய்வ?" என்பதுதான். சிரிக்காதீர்கள். கணிதமேதை ராமானுஜனையே வாட்டிய கேள்வி இது.

1914 ஏப்ரலில் அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஆகஸ்டில் முதல் உலகப் போர் வந்துவிட்டது. சுத்த சைவம் என்பதால் டிரினிட்டி கல்லூரியின் உணவுக்கூடத்தில் சாப்பிட மாட்டார். அறையிலேயே சமையல். கணக்கில் மூழ்கிவிட்டால் அதுவும் நேரத்துக்கு நடக்காது. போரினால் காய்கறியும் எளிதில் கிடைக்கவில்லை.

ஒருமுறை நண்பர்களை விருந்துக்கு அழைத்தார். மூன்றாவது முறை ரசம் ஊற்ற வந்தபோது அவர்கள் போதும் என்றார்கள். மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து ஆக்ஸ்போர்டு போய்விட்டார்! சில நாள் கழித்துத்தான் திரும்பினார். இதை வேடிக்கையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே எவ்வளவு தனிமை இருந்தால் ஒரு கரண்டி ரசத்துக்கு மனம் அப்படி உடையும்?

1917-ல் நோயில் விழுந்தார். காசநோய் என்று சிகிச்சை நடந்தது. மனைவி ஜானகியிடமிருந்து கடிதமும் இல்லை. மாமியார் தடுத்துவிட்டார் என்று ஜானகி பின்னாளில் சொன்னார். 1918 தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் நிலையம் ஒன்றில் தண்டவாளத்தில் விழுந்தார். ரயிலை நிறுத்தியதால் பிழைத்தார். போலீசாரிடம் பேசி மீட்டவர் பேராசிரியர் ஹார்டி. ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனதும் அதே ஆண்டுதான்.

அந்த ஆண்டே மாட்லாக் சானடோரியத்தில் படுத்திருந்தவரைப் பார்க்க, இங்கிலாந்தில் இன்ஜினீயராக இருந்த ராமலிங்கம் என்ற தமிழர் வந்தார். பிறகு ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதில் அவருக்கிருந்த பெரிய கவலை, ராமானுஜன் என்ன சாப்பிடுகிறார் என்பதுதான்.